சிக்னல் போட்டானா, போடலையா?

தீபாவளி முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பேராக் மாநிலத்தில் நாம் அடிக்கடி போய்வரும் ஒரு தோட்டத்திலிருந்து மாலை வேளையில் போன் வந்தது. "அண்ணே, கோயில் வாசல்ல கூட்டம் கூடிருச்சு. நீங்க வந்தாத்தான் ஆகும்." சம்பளத் தகராறா, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமா என்று மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். இரண்டும் இல்லை. விவகாரம் ஒரு காரின் சிக்னல் லைட்.

நடந்தது இதுதான். மதியம் மூன்று மணி வாக்கில், பெரிய சாலையிலிருந்து தோட்டத்துச் செம்மண் சாலைக்குள் இடது பக்கமாகத் திரும்பியது ஒரு பழைய புரோட்டான் சாகா. ஓட்டியவர் அதே லயத்தில் பிறந்து வளர்ந்த இருபத்தோரு வயதுப் பையன். பின்னாலேயே, சாலையோரமாக, கப்சாய் மோட்டாரில் வந்துகொண்டிருந்தார் ஓர் அம்மா. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர். கார் திரும்பியது, மோட்டார் நேரே வந்தது. அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தலைக்கவசம் போட்டிருந்ததால் தலை தப்பியது.

"சத்தியமா சிக்னல் போட்டேண்ணே, டேஷ்போர்டுல டிக் டிக்குன்னு அடிச்சுச்சு" என்கிறான் பையன். "எரியவே இல்ல தம்பி, எனக்கென்ன கண்ணா போச்சு? எரிஞ்சிருந்தா நான் பிரேக் போட்டிருக்க மாட்டேனா?" என்கிறார் அந்த அம்மா, கையில் மாவுக்கட்டுடன். இரண்டு குடும்பமும் நாலு வீடு தள்ளி இருக்கிறவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த காலம் உண்டு. இப்போது ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

நமக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. காரணத்தை மறைப்பதில் பயனில்லை, சொல்லிவிடுகிறோம். அந்தச் சிக்னல் லைட்டை நாம் முன்னமே பார்த்திருக்கிறோம். பார்த்ததோடு நிற்காமல் பாராட்டியும் இருக்கிறோம். அதே ஆண்டு ஜூலை மாதம் கூட்டத்துக்குப் போனபோது, "அண்ணே, இங்க வாங்க, நானே செஞ்சது" என்று பையன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். டிராக்டர் டிரெய்லரில் இடித்து உடைந்துபோன இடது பின் விளக்குக்குப் பதிலாக, எல்.இ.டி. மணிகளை வரிசையாகக் கோத்து, முன்னால் ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டியிருந்தான். சுவிட்சைப் போட்டதும் பளிச் பளிச்சென்று அடித்தது, கண் கூசும் அளவுக்கு. "கெட்டிக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டினோம். நம்முடைய கஞ்சிலுக்கும் ஒன்று செய்துகொடு என்று கேட்டோம். அன்றைக்கு நாம் நின்றது காருக்கு நேர் பின்னால். இந்த விவரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் செய்த வேலையை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாதாரண வேலையில்லை. தோட்டப் பள்ளியில் படித்து, ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். பட்டணத்துக் கடையில் மஞ்சள் எல்.இ.டி. 24 வாங்கினான். முதல் தடவை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக இணைத்து, ஒரே ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தான். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை, ரெசிஸ்டர் கருகிப் புகைந்தது. யாரிடமும் கேட்காமல், போனில் படம் பார்த்துப் பார்த்து, தப்பைத் தானே கண்டுபிடித்தான்.

கணக்கு இப்படி. காரின் பேட்டரி 12 வோல்ட் என்று சொன்னாலும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலேயே போகும், 14.4 வரை வரும். ஒரு மஞ்சள் எல்.இ.டி.க்கு வேண்டியது ஏறக்குறைய 2.1 வோல்ட். அது குண்டு பல்பு மாதிரி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடங்கியிருக்கும் சாதியில்லை. கொஞ்சம் கூடக் கொடுத்தால் மளமளவென்று மின்சாரத்தை இழுத்துத் தானும் எரிந்துபோகும். அதற்குக் கடிவாளம்தான் ரெசிஸ்டர். நாலு மணியை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் 8.4 வோல்ட். மிச்சம் 6 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். ஒரு கொத்துக்கு 20 மில்லி ஆம்பியருக்குள் ஓட வேண்டுமென்றால் 330 ஓம் போதும். இப்படி ஆறு கொத்து, கொத்துக்கு ஒரு ரெசிஸ்டர். இரண்டாவது தடவை பையன் அதைத்தான் செய்தான். ஈயம் வைத்த இடங்களைப் பார்த்தோம், நல்ல சுத்தமான வேலை. 24 மணியும் சேர்ந்து சாப்பிடுவது ஒன்றரை வாட்டுக்குப் பக்கம். பழைய குண்டு பல்பு 21 வாட். எவ்வளவு மிச்சம் பாருங்கள்!

ஆனால் அந்த மிச்சமே அடுத்த தொல்லையைக் கொண்டுவந்தது. சிக்னலை அணைத்து அணைத்துப் போடும் பிளாஷர் ரிலே என்ற சின்னப் பெட்டி, எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முன் விளக்கு 21 வாட், பின் விளக்கு 21 வாட், பக்க விளக்கு 5 வாட் என்று அதற்குப் பழக்கம். அதில் 21 வாட் திடீரென்று காணாமல் போனால் "ஒரு பல்பு செத்துவிட்டது" என்று நினைத்து, இரண்டு மடங்கு வேகத்தில் படபடவென்று அடிக்கும். எல்.இ.டி. மாட்டிய கார்கள் சில, வெட்டுக்கிளி மாதிரி அடித்துக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைதான் மின்ன வேண்டும் என்பது விதி.

பையன் இதற்கும் வழி கண்டான். 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, எல்.இ.டி.க்குப் பக்கத்தில் இணைத்தான். அதன் வேலை ஒன்றுமில்லை, பல்பு எரிகிற மாதிரி சும்மா மின்சாரத்தைத் தின்று ரிலேயை ஏமாற்றுவது. இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுத்து, 30 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும். அதை நம் பையன் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்து, உறை உருகி நாற்றம் வந்த பிறகு, இரும்புத் தகட்டில் இரண்டு திருகு போட்டு முறுக்கினான். அந்த அளவில் நல்லதே. ஆனாலும் மிச்சம் பிடித்த மின்சாரத்தை மறுபடியும் சூடாக்கி எரிப்பதற்கு எல்.இ.டி. எதற்கு என்று நம்மைக் கேட்டால், பதில் இல்லை. மின் சுமையைப் பார்க்காத எலக்ட்ரானிக் ரிலேக்கள் கடையில் கிடைக்கின்றன, அதை மாற்றியிருக்கலாம்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. வேகமாக அடிக்கும் அந்தப் படபடப்பு தொல்லை இல்லை, ஓட்டுநருக்குத் தரும் எச்சரிக்கை. ரெசிஸ்டரை வைத்து ரிலேயை ஏமாற்றியவுடன் அந்த எச்சரிக்கை செத்துப்போகிறது. பின்னால் எல்.இ.டி. 24-உம் அவிந்து கிடந்தாலும் ரெசிஸ்டர் தின்றுகொண்டே இருக்கும், டேஷ்போர்டு ஒழுங்காக டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். "டிக் டிக்குன்னு அடிச்சுச்சு" என்று பையன் சத்தியம் செய்தது பொய்யில்லை. ஆனால் அது சாட்சியும் ஆகாது.

நிற்க. கோயில் வாசலில் வாய்ப்பேச்சு வளர்ந்துகொண்டே போனதால், எல்லாரையும் பெரட்டுக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காரை நடுவில் நிறுத்தச் சொன்னோம். காரின் பின்பக்கத்தில் முட்டியது இல்லை, மோட்டார் முட்டியது இடது கதவில்தான், ஆகவே விளக்கு அப்படியே இருந்தது. சிக்னலைப் போடச் சொன்னோம். நேர் பின்னால் நாற்பது அடி எட்டு வைத்து நின்று பார்த்தோம். பளிச்சென்று அடித்தது. பையனின் அப்பா முகத்தில் ஒரு தெளிவு. "பாத்தீங்களா?" என்றார்.

அப்புறம் அந்த அம்மாவைக் கேட்டோம், "நீங்க எங்கம்மா வந்துகிட்டிருந்தீங்க?" அவர் நடந்துபோய், காரின் பின் முனையிலிருந்து மூன்று மீட்டர் பின்னால், இரண்டு மீட்டர் இடது பக்கம் தள்ளி, சாலையோரம் இருக்கும் இடத்தில் நின்றார். நாமும் பக்கத்தில் போய் நின்றோம். விளக்கு எங்கே? ஊசி முனை மாதிரி மங்கலாக ஏதோ துடித்தது, சாயங்கால வெளிச்சத்திலேயே அவ்வளவுதான். மதியம் மூன்று மணி வெயிலில் என்ன தெரிந்திருக்கும்? வலது பக்கம் பழைய கம்பெனி விளக்கு அப்படியே இருந்தது. அதைப் போடச் சொல்லி, அந்தப் பக்கம் அதே தூரத்தில் நின்று பார்த்தோம். நன்றாகத் தெரிந்தது.

கூட்டத்தில் சத்தம் இல்லை. பையன் வந்து நம் பக்கத்தில் நின்று பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

இது எப்படி என்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். கடையில் விற்கும் 5 மில்லி மீட்டர் எல்.இ.டி.யின் தலை ஒரு லென்ஸ். வெளிச்சம் முழுவதையும் டார்ச் லைட் மாதிரி நேராகக் குவித்து அனுப்பும். பையில் 5,000 மில்லி கேண்டெலா என்று போட்டிருப்பார்கள், அதாவது 5 கேண்டெலா. ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய ஒரு கேண்டெலா என்றால், அதைவிட ஐந்து மடங்கு. 24 மணி சேர்ந்தால் 120. காரின் பின் சிக்னலுக்கு உலக விதிகள் நேர் பின்னால் கேட்பது குறைந்தது 50 கேண்டெலாதான். ஆக, நேராக நிற்பவனுக்கு தேவைக்கு மேலேயே இருக்கிறது! ஆனால் அந்தப் பையிலேயே இன்னொரு எண் இருக்கும்: 20 டிகிரி. அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்குப் பத்து டிகிரி தள்ளினாலே வெளிச்சம் பாதியாகிவிடும். அந்த அம்மா நின்ற இடம் 34 டிகிரி தள்ளி. அங்கே ஒன்றும் மிஞ்சாது. பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறோம், சின்ன எண்ணைப் பார்ப்பதில்லை.

மலேசியாவும் கையெழுத்திட்டிருக்கும் ஐக்கிய நாட்டுச் சபை வாகன விதிகளில், பின் சிக்னல் உள்பக்கம் 45 டிகிரி, வெளிப்பக்கம் 80 டிகிரி வரை தெரிய வேண்டும் என்று இருக்கிறது. 80 டிகிரி என்றால் ஏறக்குறைய காருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டவனுக்கும் தெரிய வேண்டும். யாருக்காக? சாலையோரம் மோட்டாரில் வருகிறவருக்காக, சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்காக. அதனால்தான் கம்பெனி விளக்கின் உள்ளே குழிவான வெள்ளித் தகடும், வெளிக் கண்ணாடியில் அத்தனை வரியும் கட்டமும் வைத்திருக்கிறான். நாம் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பையன் அதை எடுத்துவிட்டு வழவழ பிளாஸ்டிக் தகட்டை ஒட்டியிருந்தான்.

வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தோட்டத்துப் பெரிய கிராணியும் டாக்டரும் ஓட்டிய மாரிஸ் மைனர் காரில் மின்னும் சிக்னலே கிடையாது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, விளக்கோடு நிற்கும். 1961-இல்தான் அந்த வண்டிக்கு மின்னும் விளக்கு வந்தது. கை நீண்டு நின்றது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது என்று நம் தாத்தா சொல்வார். பாதி நாள் அந்தக் கை துருப்பிடித்து வெளியே வராது என்பதையும் அவரே சொல்வார்.

எல்.இ.டி. என்றதும் நமக்கு இன்னொரு ஞாபகம். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் வரியில்லா வர்த்தக வட்டாரம் திறந்த நாளிலிருந்து, அங்கே வந்த முதல் கம்பெனிகளில் எல்.இ.டி. செய்கிறவையும் இருந்தன. கெடா, பேராக் தோட்டங்களிலிருந்து எத்தனை பெண்கள் பஸ் ஏறிப் போனார்கள்! நம் சின்னம்மா ஒருவர் 1980-களில் அங்கே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மண்துகள் அளவு சில்லில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டும் வேலை செய்தார். பல ஆண்டுகள் அந்தத் துறையில் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைக்க விடவில்லை. கண் எரிச்சல் என்று லீவு கேட்டால் மேற்பார்வையாளர் முறைப்பார் என்று சொல்லுவார். குலிமில் 2017-இல் ஆஸ்ராம் நிறுவனம் பெரிய எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. தோட்டத்துப் பெண்கள் ஒட்டிய கம்பி எந்த நாட்டுக் காரிலோ மின்னுகிறது. தோட்டத்துப் பையன் கடையில் காசு கொடுத்து வாங்கி, யாரும் சொல்லித்தராமல் செய்து பார்க்கிறான். அவன் ஆர்வத்தைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறு. உடைந்த விளக்குக்குப் புதுக் கூடு விலை கேட்டதும் அவன் அப்பா, "அடுத்த சம்பளத்துல பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த சம்பளத்தில் பள்ளிக் கட்டணம், அதற்கடுத்ததில் தீபாவளி. விளக்கு இல்லாமல் ஓட்டினால் சம்மன். பையன் கையில் இருந்த வழி அந்த எல்.இ.டி.தான். நாம் அதைப் பார்த்துவிட்டு, பழைய கார் வெட்டிப் போடும் கடையில் பாதி விலைக்குக் கூடு கிடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதுகில் தட்டினோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்டார்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன அமைப்பு விதிகளும் விளக்கு விஷயத்தில் இஷ்டப்படி மாற்ற இடம் தரவில்லை. சிக்னல் மஞ்சளாக இருக்க வேண்டும். நீலம், ஊதா என்று மாட்டிக்கொண்டு திரியும் தம்பிமார்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். அன்று இரவே இரண்டு பேரையும் ஒரே காரில், நம்முடைய கஞ்சிலில், போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். பையன் நடந்ததை நடந்தபடி சொன்னான், விளக்கு தன் கையால் செய்தது என்பது உட்பட. நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. அபராதம் வந்தது, கட்டினான்.

அம்மாவின் கதை அத்தனை சுலபமாக முடியவில்லை. "ரோட்டுல விழுந்ததுக்கு கம்பெனி என்ன செய்யும்?" என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையிடத்திலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். பெர்கேசோ பணம் தர வேண்டும். குறைந்தது நாலு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், கணக்கிட்ட அன்றாடச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். முதலாளி 48 மணி நேரத்தில் தகவல் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி நீட்டிய பிறகு பாரம் வெளியே வந்தது. அப்புறம் ஒரு கேள்வி: "வழியில எங்காவது இறங்கினீங்களா?" சட்டத்தில் அது இருக்கிறது, வழியை விட்டு விலகிப் போயிருந்தால் சிக்கல். அம்மா தேங்காய் வாங்கத்தான் நினைத்தாராம். மழை மூட்டமாக இருந்ததால் வாங்காமல் நேரே வந்தாராம். அந்தத் தேங்காய் வாங்காதது எத்தனை நல்லதாகப் போயிற்று! பெரட்டுப் புத்தகத்தில் அன்றைய வருகைப் பக்கம், போலீஸ் புகார், டாக்டர் சீட்டு, வீட்டுக்கும் காட்டுக்கும் இடையே போகும் பாதையைக் கையால் வரைந்த படம், எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். பாதையை வரைந்தவன் அந்தப் பையன்தான். சாலை திரும்பும் இடத்தில் தன் காரையும் ஒரு சின்னக் கட்டமாகப் போட்டிருந்தான். பணம் வந்து சேர அடுத்த ஆண்டு பிப்ரவரி ஆனது.

எல்.இ.டி.யே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கம்பெனி செய்யும் புதுக் கார்களில் அதுதானே வருகிறது. அந்த விளக்கை ஒவ்வொரு கோணத்திலும் அளந்து பார்த்து, வெயிலிலும் மழையிலும் சோதித்து, அங்கீகார முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். பழைய வண்டிக்கு அதன் சொந்தக் கூடும் 21 வாட் பல்பும் போதும். கைவேலைக்கு வேறு இடம் நிறைய இருக்கிறது. பையன் அந்த 24 மணிகளையும் கழற்றி, லயத்துப் பின்பக்கம் குளிக்கிற இடத்துக்குப் போகும் வழியில் பழைய மோட்டார் பேட்டரியோடு மாட்டிவிட்டான். இரவில் பாம்பு கிடந்தால் தெரிகிறது என்று பெண்கள் சொல்கிறார்கள்.

காருக்கு, ஈப்போ பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் அதே மாடல் விளக்குக் கூடு கிடைத்தது. நாமும் கூடப் போனோம், நம் பங்குக்குப் பாதிப் பணம் போட்டோம். வலது பக்கக் கண்ணாடி வெயிலில் வெளுத்துப்போயிருக்கிறது, இடது பக்கம் மட்டும் புதுசு மாதிரி மின்னுகிறது. 2024 நடுவில் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக் படிப்புக்கு விண்ணப்பம் போட்டான், இடம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறான்.

அந்த அம்மாவுக்குக் கை கூடிவிட்டது. மழை நாளில் வலிக்கிறது, பழக் கூடையை முன் மாதிரி தூக்க முடியவில்லை. இரண்டு வீடும் மறுபடியும் பேசிக்கொள்கிறார்கள், முன் மாதிரி என்று சொல்ல முடியாது. பையன் கார் லயத்துக்குள் நுழையும்போது அவர் வாசலில் இருந்தால், சாலையோரம் போய் நின்றுகொண்டு, "எங்க, போடு பாப்போம்" என்பார். அவன் வண்டியை நிறுத்தி இடது சிக்னலைப் போட வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் நகர்கிறான்.